அடி பம்புத் தண்ணீரில் எழுந்த தூண்கள்

எங்கள் பொதுப்பணித் துறையில் உள் ஆய்வுப் பிரிவு தொடங்கிய கதையைச் சிறு புத்தகமாகப் போடுகிறார்களாம். அதற்காகப் போன மாதம் ஓர் இளம் இன்ஜினீயர் என் வீடு தேடி வந்தார். ஆரம்பத்தில் அந்தப் பிரிவில் இருந்தது நான்கு பேர். இருவர் இறந்துவிட்டார்கள். ஒருவர் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். மிச்சம் நான்.

“ரெண்டு பக்கம் போதும்மா. நல்ல அனுபவமா எழுதிக் குடுங்க.”

“நல்ல அனுபவம்னா?”

“படிக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகம் வர்ற மாதிரி.”

காபி குடித்துவிட்டுப் போனார். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தப் பிரிவை நினைத்தால் எனக்கு உற்சாகம் வருவதில்லை, கோபம் வருகிறது. வருவதைத்தானே எழுத முடியும். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுதியது நான், எழுத்துப் பிழையைத் திருத்தியது என் மருமகள். “இந்த வார்த்த கொஞ்சம் காரமா இருக்கு அத்தே, மாத்தட்டுமா?” என்று இரண்டு இடத்தில் கேட்டாள். விடவில்லை. போடுவதானால் முழுதாகப் போடுங்கள்.

நான் பிறந்தது புதுச்சேரி குருசுக்குப்பம். கட்டிக்கொண்டவர் துறையில் மஸ்தூர், கூலியாள். சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சில வருடம் ஜல்லி சுமந்தேன். பிறகு சோதனைக்கூடத்தில் உதவியாளாகப் போட்டார்கள். அங்கேதான் கியூப் போடக் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

கியூப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காங்கிரீட் கொட்டும்போது அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, அரை அடிச் சதுர இரும்பு அச்சில் மூன்று தடவையாகப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் குத்துக் கம்பியால் முப்பத்தைந்து குத்து. மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். கியூப் எவ்வளவு பாரம் தாங்குகிறதோ, கட்டடமும் அவ்வளவு தாங்கும் என்பது கணக்கு. முப்பத்தைந்து குத்தில் ஒன்று குறைந்தாலும் என் கைக்குத் தெரியும். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் அந்தக் காலத்தில் கியூப் போட்டது யார்? கட்டடம் கட்டுகிறவரே. சிமென்ட் கூடப் போட்டுத் தனியாகக் குழைத்து, கல் மாதிரி கியூப் செய்து எங்களுக்கு அனுப்பிவிடுவார். கியூப் நிற்கும், கூரை ஒழுகும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

அப்போதுதான் தணிகாசலம் ஐயா செயற்பொறியாளராக வந்தார். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கட்டடத்துக்கு வந்தால் நாற்காலி கேட்க மாட்டார், மணல் குவியலில் உட்கார்ந்துவிடுவார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்துக்கொள்வார். அவர்தான் உள் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். வெளியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வந்து குற்றம் கண்டுபிடிப்பதற்கு முன்னால், நம் வேலையை நாமே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் பேச்சு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று நிறுத்தம் வைத்தார். அடித்தளம் முடிந்ததும் ஒன்று, தூண் முடிந்ததும் ஒன்று, ஒப்படைக்கும் முன் ஒன்று. அந்தக் கட்டடத்தில் சம்பந்தப்படாத ஆட்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வேலை.

அதற்கு ஒரு படிவம் செய்தார். கம்பி, கலவை, தண்ணீர் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம். ஒன்றின் தலையில் ‘பார்த்தது’, மற்றதில் ‘சொன்னது’. நம் ஆள் கண்ணால் பார்த்திருந்தால் முதல் கட்டம். யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் இரண்டாவது. கம்பி, கலவை, தண்ணீர் இந்த மூன்றில் ஒன்று ‘சொன்னது’ கட்டத்தில் விழுந்தாலும் வேலை நிற்கும். உடைத்துப் பார்த்த பிறகுதான் மேலே போகும்.

இன்ஜினீயர்கள் வந்து போவார்கள். காங்கிரீட் போடுகிற நாள் முழுக்க, முதல் சட்டியிலிருந்து கடைசிச் சட்டி வரை நிற்பது நான். அதனால் படிவத்தின் அடியில் என் கையெழுத்துக்கும் ஒரு கோடு போட்டார். ஒவ்வொரு வரியாகப் படித்துக்காட்டி, “பாத்தீங்களா, சொன்னாங்களா?” என்று கேட்பார். நான் சொன்னதைத்தான் எழுதுவார். ஆபீஸில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘ஏம்மா’ என்று கூப்பிட்ட குமாஸ்தாக்கள் எல்லாம் அதற்குப் பிறகு ‘தனபாக்கியம்மா’ என்றார்கள்.

கட்டடக்காரர்களுக்கு நாங்கள் வேண்டாத விருந்தாளி. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில், அவர்கள் செய்து வைத்திருந்த கியூபை நான் கையில் தூக்கிப் பார்த்தேன். மேஸ்திரி கேட்டான்:

“இன்னாம்மா, மீன் வாங்க வந்தாப்பல தூக்கிப் பாக்குற?”

“மீனுன்னா செவுளத் தூக்கிப் பாப்பேன். இதுக்குச் செவுள் இல்லியே, அதான் கல்லையே தூக்குறேன்.”

சித்தாள் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அன்று அந்தக் கியூபுகளை எடுத்துக்கொள்ளவில்லை. என் அச்சில், என் கண் முன்னால் புதிதாகப் போட வைத்தோம். அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் ஒழுகவில்லை.

இது வரைக்கும் எழுதினால் உற்சாகமான அனுபவம்தான். இதற்கு மேல்தான் எழுத வேண்டியது இருக்கிறது.

ஊருக்கு வடக்கே ஒரு குப்பத்தில், புயல் காலத்தில் ஜனங்கள் வந்து தங்க ஒரு கூடம் கட்டினார்கள். குப்பத்தின் பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரரின் தங்கை சரசு அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள், கூடத்துக்கு நேர் எதிர் வீடு. ஒவ்வொரு மழைக்கும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்ற ஜனங்கள் அவர்கள். அந்தக் கூடத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள்.

தூண் போடுகிற அன்று அச்சு ஆறையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். கலவை இயந்திரம் பழுது. பிரித்து, சாமான்களைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார்கள். அங்கிருந்த ஜூனியர் இன்ஜினீயர், “இன்னிக்கு ஆவாதும்மா. தண்ணி லாரியையும் நாளைக்கு வரச்சொல்லிட்டேன். நீங்க போயிட்டு நாளைக்கு வாங்க” என்றார். என் கண்ணாலும் பார்த்தேன், இயந்திரம் பிரிந்துதான் கிடந்தது. கிளம்பினேன்.

கிளம்பும்போது ஒரு தப்பு செய்தேன். அச்சு எப்போதும் எங்களோடுதான் போக வேண்டும், அது விதி. ஆனால் ஒவ்வொன்றும் இரும்புக் கனம். டெம்போக்காரன் வரும்போதே ஒரு பாட்டம் சண்டை போட்டிருந்தான். நாளைக்குத் திரும்ப வரத்தானே போகிறோம், சொந்த வீடுதானே என்று ஆறையும் சரசு வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். வேறு எந்த ஊராக இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன்.

மறுநாள் போனால் தூண் பத்தும் பலகைக்குள் நிற்கிறது. பக்கத்தில் ஈரச் சாக்குக்கு அடியில் என் அச்சில் ஆறு கியூப்.

“மத்தியானம் மிஷின் ரெடி ஆயிடுச்சும்மா. சரி, போட்டுடலாம்னு போட்டுட்டோம். அச்சு உங்களதுதான், பாத்துக்கங்க” என்றான் சூப்பர்வைசர். பல் அத்தனையும் தெரிந்தது.

நேராகச் சரசு வீட்டுக்குப் போனேன்.

“ஆபீஸ்ல கேட்டாங்கன்னாங்க அண்ணி, குடுத்துட்டேன்” என்றாள்.

“தண்ணி லாரி எத்தினி மணிக்கு வந்துச்சு?”

“லாரி எங்க வந்துச்சு? எங்க அடி பம்புலதான் எடுத்தது. பொம்பளைங்க அத்தினி பேரும் வரிசை கட்டி நின்னு குடம் குடமா குடுத்தோம். நான் மட்டும் நாப்பது குடம் தூக்கியிருப்பேன். இடுப்பு உட்டுப் பூடுச்சு போ.”

பெருமையாகச் சொன்னாள். அந்தப் பம்பு எனக்குத் தெரியும். கால் கழுவவும் வலை அலசவும்தான் அதைத் தொடுவார்கள். வாயில் வைக்க முடியாத உப்பு.

“அந்தத் தண்ணில சோறு ஆக்குவியாடி?”

“ஐய, அது எப்படி ஆக்குறது?”

“அப்ப பில்லருக்கு மட்டும் ஊத்தலாமா?”

“பில்லரு இன்னா குடிச்சுப் பாத்தா சொல்லப் போவுது?”

சிரித்தாள். உப்புத் தண்ணீரில் போட்ட காங்கிரீட் சீக்கிரமே இறுகும். கியூபை நசுக்கினால் பாரம் தாங்கும். ஏழாம் நாளும் தேறும், இருபத்தெட்டாம் நாளும் தேறும். உப்பு வேலை செய்வது உள்ளே இருக்கிற கம்பியில். துரு ஏறி, கம்பி பருத்து, காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வர வருடக்கணக்காகும். ஆக, எந்த இயந்திரமும் அன்றைக்கு இதைக் காட்டாது. நின்று பார்த்த ஆள்தான் சொல்ல முடியும். பார்க்க வேண்டிய நான் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஐயாவிடம் சொன்னேன். மறுநாளே வந்தார். மணல் குவியலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி வைத்தார். ஊர்ப் பஞ்சாயத்தார் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள்.

“தண்ணி எதுலேர்ந்து எடுத்தாங்க?” என்று கேட்டார்.

“லாரித் தண்ணிதாங்க” என்றார் பஞ்சாயத்தார் ஒருவர். பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வேலை நின்றுவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான் சரசுவைப் பார்த்தேன். “சொல்லுடி, நேத்து எங்கிட்ட சொன்னத.”

அவள் தரையைப் பார்த்தாள். “லாரித் தண்ணிதான் அண்ணி” என்றாள்.

அங்கேயே அவளை அறைந்திருப்பேன். ஐயா இருந்தாரே என்று கையை அடக்கிக்கொண்டேன். போகும்போது வேலி ஓரம் வந்து என் கையைப் பிடித்தாள். “ஒன் கால்ல உழறேன், கட்டடத்த நிறுத்திப்புடாத. போன மழையில சின்னவன் காய்ச்சல்ல கெடந்தானே, நீதான பாத்த?” நான் கையை உதறிவிட்டு டெம்போ ஏறினேன்.

படிவம் எழுதுகிற அன்று ஐயா அறையில் நாங்கள் இருவர்தான். கம்பியைப் படித்தார், கலவையைப் படித்தார். மூடியிருந்த பலகையைக் கழற்றி, தூணில் ஓர் இடம் கொத்திப் பார்த்திருந்ததால் அந்த இரண்டும் ‘பார்த்தது’. தண்ணீருக்கு வந்ததும் நிறுத்தினார். எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை.

“இத பார்த்ததுன்னே எழுதிடலாம், தனபாக்கியம்மா. லாரித் தண்ணி.”

“யார் பாத்தது ஐயா?”

“ஊரே சொல்லுது.”

“சொல்லுதுன்னா சொன்னதுல எழுதுங்க.”

“எழுதினா வேல நிக்கும். தண்ணிய உடச்சா பாக்க முடியும்? பத்துத் தூணையும் இடிக்கணும். மழைக்கு ரெண்டு மாசம் இருக்கு. மேலேர்ந்து தினம் ஒரு போன். இடிச்சா அந்த ஜனங்க இந்த மழைக்கும் குடிசையில கெடப்பாங்க. யோசிச்சீங்களா?”

“குடிசை விழுந்தா ஓலை விழும் ஐயா. இது விழுந்தா?”

“உங்க சொந்தக்காரங்களே மாத்திச் சொல்றாங்க. நீங்களும் அன்னிக்கு அங்க இல்ல.”

“இல்லைதான். அதனாலதான் பார்த்ததுன்னு கையெழுத்துப் போட மாட்டேன்றேன். நீங்களும் அங்க இல்லியே ஐயா?”

அவர் பேனாவை மூடித் திறந்தார், மூடித் திறந்தார். பிறகு ‘பார்த்தது’ கட்டத்தில் ‘லாரித் தண்ணீர்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். என் கோட்டில் நான் போடவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

லஞ்சம் வாங்கினார் என்று சொல்ல மாட்டேன். வாங்குகிற ஆள் இல்லை. வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது, அப்படிப்பட்டவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கட்டம் போட்டவரே அவர்தான். அந்தக் கோட்டை அவரே தாண்டிய பிறகு வேறு யாருக்கு அது கோடு?

அடுத்த படிவம் அச்சாகி வந்தபோது அடியில் என் கையெழுத்துக்கு இருந்த இடம் இல்லை. என்னைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை சாக்கும் கயிறும் எடுத்துக் கொடுத்தேன். வழியில் பார்த்தால் ஐயா நின்று, “நல்லா இருக்கீங்களா தனபாக்கியம்மா?” என்று கேட்பார். “இருக்கேன்” என்று சொல்லிவிட்டு நடப்பேன். அவர் இறந்த செய்தி வந்தபோது போகவில்லை. போயிருக்கலாம் என்று மருமகள் சொன்னாள். இப்போதும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கூடம் திறந்தார்கள். சில மழைக் காலம் ஜனங்கள் அதில் நிம்மதியாகத்தான் படுத்து எழுந்தார்கள். மீன்காரப் பெண் ஒருத்தியிடம் சரசு சொல்லி அனுப்பினாள்: “கட்டடம் நிக்குதா இல்லியான்னு எங்க அண்ணிய வந்து பாக்கச் சொல்லு.” என்ன பதில் அனுப்புவது? பொறு, விழும் என்றா? அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருப்பது அவளும் அவள் பிள்ளைகளும். நான் சொன்னது பொய்யாகட்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். சரியாகச் சொன்னவளை இப்படிக் கும்பிட வைத்தார்களே, அதை மட்டும் மன்னிக்கவே முடியவில்லை.

பொய்யாகவில்லை. தூண்களில் செங்குத்தாக விரிசல் ஓடியது, துரு ஒழுகியது. ஒரு நாள் காலையில் தூணிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. கீழே ஆள் யாரும் இல்லை, காயவைத்த வலைதான் இருந்தது. அதனால் நான் இதை இப்படி எழுத முடிகிறது. கூடத்தைப் பூட்டினார்கள். போன மழையில் ஜனங்கள் பூட்டின கதவுக்கு முன்னால் நனைந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

இந்த வருடம் விசாரணை வந்தது. அதே உள் ஆய்வுப் பிரிவுதான், இப்போது ஓர் அம்மாள் அதிகாரி. பழைய வேலைப் பட்டியலில் என் பெயர் இருந்ததால் கூப்பிட்டு அனுப்பினார்கள். கூடத்துக்கு வெளியில் மேசை போட்டிருந்தார்கள். கட்டடக்காரர் தரப்பில் ஒருவர், பஞ்சாயத்தார் இருவர்.

“உப்பு இருக்குது, நாங்க இல்லேங்கல மேடம். கடல் காத்துல வந்து ஏறின உப்பு. இங்க எல்லாக் கட்டடத்துக்கும் உள்ளதுதான். வெளிய கொத்திட்டுப் பூசினா சரியாயிடும்” என்றார் கட்டடக்காரரின் ஆள். பஞ்சாயத்தாரும் தலையாட்டினார்கள். அடுத்த மழைக்குள் திறந்தால் போதும் அவர்களுக்கு. காற்றில் வந்த உப்பு என்றால் பூச்சு. கலவையிலேயே உப்பு என்றால் இடித்துக் கட்ட வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

அதிகாரி என்னைக் கேட்டார். “தூண் போட்டப்ப என்ன தண்ணின்னு நீங்க பாத்தீங்களாம்மா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. “பாக்கல. அடி பம்புத் தண்ணின்னு எங்கிட்ட சொன்னாங்க.”

“அம்மாவே சொல்றாங்க மேடம், பாக்கலன்னு” என்று அந்த ஆள் சிரித்தார்.

எதிர் வீட்டுப் படலைத் திறந்துகொண்டு சரசு வந்தாள். இடுப்பு வளைந்து, ஒரு கையை முட்டியில் ஊன்றி நடந்தாள். நாங்கள் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது.

“ஏ சரசு, உள்ள போ” என்றார் பஞ்சாயத்தார்.

“நீ போய்யா உள்ள. அன்னிக்கு ஒன் பேச்சக் கேட்டுத்தான் வாய மூடினேன்.” அதிகாரியிடம் திரும்பினாள். “எழுதிக்கம்மா. எங்க பம்புலேர்ந்துதான் எடுத்தது. நாப்பது குடம் நான் தூக்கினேன். என் இடுப்புல. கேட்டப்போ லாரின்னு பொய்யும் சொன்னேன். எங்க அண்ணி அப்பவே சொன்னா.”

என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். “பாட்டி, இதுல ஆபீஸ் ஆளுங்க சொல்றதுக்குத்தான் எடம் இருக்கு. ஊர்க்காரங்களுக்குத் தனியா கட்டம் இல்ல.”

“ஓரத்துல காலியாத்தான இருக்குது. அங்க எழுதுங்க” என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். நான் என் பையைத் துழாவிப் பேனாவை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அப்புறம் பேனாவை எடுத்தார். சரசு பெயர், அவள் புருஷன் பெயர், நாற்பது குடம், அடி பம்பு. எழுதி முடித்து உரக்கப் படிக்கச் சொன்னேன், படித்தார். சரசு கைநாட்டு வைக்கிற வரை நான் உட்காரவில்லை.